ஒளி எழுதும் சொற்கள்

நுழையும்முன்

கல்லில் வெட்டினோம், ஓலையில் கீறினோம், தாளில் அச்சிட்டோம். எழுதிய எழுத்து எழுதிய இடத்திலேயே நிற்கும் என்பது நாம் பழகிய வழக்கம். இருளில் ஒரு கணம் தோன்றி, மறுகணம் மறையும் எழுத்தும் உண்டு. அதனை ஒளி எழுதுகிறது. அவ்வாறு ஒளி எழுதும் சொற்களைக் கணினியே தொடுத்துத் தரும் கலையொன்று நம் காலத்தில் வளர்ந்துள்ளது. அது எவ்வாறு இயங்குகிறது, அதில் மனிதரின் பங்கு யாது என்பவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

ஆற்றங்கரையின் விளக்குமொழி

கொல்கத்தா மாநகரின் தென்மேற்கே, ஊக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்த பகுதி கார்டன் ரீச். தென்கிழக்கு இரயில்வேயின் தலைமையகம் இங்குள்ளது. 1884ஆம் ஆண்டு இவ்வாற்றங்கரையில் ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கிய கப்பல் கட்டும் நிறுவனம், 1960ஆம் ஆண்டு அரசுடைமை ஆனது. மறு ஆண்டே ‘அஜய்’ என்னும் போர்க்கப்பலைக் கட்டி இந்தியக் கடற்படைக்கு அளித்தது. இரயிலும் கப்பலும் சந்திக்கும் இப்பகுதியில் வாழ்வோர்க்கு ஒளியால் செய்தி சொல்லும் முறை புதியதன்று.

கப்பல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள விளக்கைப் பயன்படுத்தின. விளக்கின் முன்னுள்ள தகடுகளைத் திறந்து மூடுவதன் மூலம் ஒளியை விட்டுவிட்டு அனுப்புவர். குறுகிய ஒளியைப் புள்ளியாகவும் நீண்ட ஒளியைக் கோடாகவும் கொண்டு எழுத்துகளைக் குறிப்பது மோர்சு முறையாகும். மூன்று குறுகிய ஒளி, மூன்று நீண்ட ஒளி, மீண்டும் மூன்று குறுகிய ஒளி என்றால் ‘ஆபத்து, உதவி தேவை’ என்பது பொருள். வானொலி வந்த பின்னரும் இம்முறை கைவிடப்படவில்லை. பன்னாட்டுக் கடற்பயணம் செல்லும் பெரிய கப்பல்களில் அறிவிப்பு விளக்கு இன்றும் இருந்தாகவேண்டிய கருவிகளுள் ஒன்று.

இவ்விளக்குமொழியில் ஒரு நுட்பம் உண்டு. எந்தக் கணத்திலும் அங்கே முழுச்சொல் இருப்பதில்லை. ஒளி இருக்கிறது, அல்லது இல்லை. வந்து மறைந்த ஒளிகளை நினைவில் வைத்துக் கோத்துக்கொள்பவரிடமே சொல் உருவாகிறது. இந்நுட்பமே பின்னர் ஒரு கலைக்கு அடிப்படை ஆயிற்று. ஒளியின் அசைவையே பொருளாகக் கொண்டு படைக்கப்படும் கலையை ‘இயங்கு ஒளிக்கலை’ என்பர்.

சந்தன்நகரின் உருளை

இயங்கு ஒளிக்கலையைக் காணக் கொல்கத்தா மக்கள் அருங்காட்சியகத்திற்குச் செல்லவேண்டியதில்லை. துர்க்கை பூசை நாள்களில் தெருக்கள்தோறும் ஒளித் தோரணங்களும் ஒளிச் சித்திரங்களும் அணிவகுத்து நிற்கும். கொல்கத்தாவின் துர்க்கை பூசையை 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மானுடத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. இவ்விழாவிற்கு ஒளியூட்டும் கலைஞர்களுள் பலர் ஊக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், கொல்கத்தாவிற்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சந்தன்நகரைச் சேர்ந்தவர்கள். அவ்வூரின் செகத்தாத்திரி பூசை ஊர்வலம் ஒளி அலங்காரத்திற்கே பெயர்பெற்றது. இக்கலையில் முன்னோடியாகப் போற்றப்படுபவர் ஸ்ரீதர் தாஸ்.

மூங்கில் சட்டங்களில் சிறு பல்புகளை நெருக்கமாகப் பொருத்தி, வண்ணக் கண்ணாடித்தாள் சுற்றி, மீன், மயில், இரயில் வண்டி என உருவங்களை அமைப்பர். அவ்வுருவங்கள் அசைவதுபோல் தோன்றச் செய்ய அவர்கள் கையாண்ட கருவி உருளை. மரத்தாலான உருளையின்மேல் செப்புத் தகட்டுத் துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். மின்னோடி உருளையை மெல்லச் சுழற்றும். செப்புத் துண்டு மின்முனையைத் தொடும்போது அதனோடு இணைந்த பல்புகள் எரியும், விலகும்போது அணையும்.

மீனின் வாலை எடுத்துக்கொள்வோம். வால் இடப்புறம் வளைந்தவாறு ஒரு வரிசை, நேராக ஒரு வரிசை, வலப்புறம் வளைந்தவாறு ஒரு வரிசை என மூன்று பல்பு வரிசைகள் சட்டத்தில் இருக்கும். உருளை அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எரியச் செய்தால் வால் அசைவதுபோல் தோன்றும். எந்தப் பல்பும் தன் இடத்தைவிட்டு நகர்வதில்லை.

செப்புத் துண்டு எங்கே தொடங்கவேண்டும், எவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்பதைக் கலைஞர் முன்னரே எண்ணி முடிவு செய்யவேண்டும். இதனை நோக்க, உருளை ஒருவகைக் கட்டளைநிரல் எனலாம். கணினிக்கு எழுத்தால் எழுதும் ஆணைகளை அவர்கள் செம்பால் எழுதினர். எல்.இ.டி. விளக்குகளும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் பரவிய பின்னர் உருளையின் வேலையை விரல்நுனி அளவுள்ள சில்லு ஏற்றுக்கொண்டது. தகடு வெட்டிப் பதித்த கைகள் புதிய வேலையைக் கற்கவேண்டியதாயிற்று. கருவி மாறியபோதும், எதனை எப்போது ஒளிரச் செய்வது என்னும் கலையறிவு அதே கலைஞர்களிடமே இருந்தது.

தெரிந்து தெளிவோம்

சந்தன்நகருக்கும் தமிழ்நிலத்திற்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகியவற்றோடு சேர்த்து ஆளப்பட்ட ஊர் இது. பழைய தமிழ் நூல்களில் ‘சந்திரநாகூர்’ எனக் குறிக்கப்படும். 1950ஆம் ஆண்டு இந்தியாவின் பொறுப்பில் வந்து, 1954ஆம் ஆண்டு மேற்கு வங்கத்தோடு இணைந்தது.

கண் முடிக்கும் ஓவியம்

நகராத பல்பு நகர்வதாக ஏன் தோன்றுகிறது? விழித்திரையில் விழும் உருவம் உடனே மறைவதில்லை. ஏறத்தாழ 1/16 வினாடி தங்கியிருக்கும் என அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதற்குள் அடுத்த உருவம் வந்துவிட்டால் இரண்டும் தொடர்ந்து தோன்றும். கொளுத்திய மத்தாப்பை இருளில் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிவதும் இதனாலேயே. தனித்தனியே தோன்றும் உருவங்களை இணைத்து அசைவாக உணர்வது மூளையின் வேலை.

ஓவியரும் சிற்பிகளும் இவ்வியல்பைக் கலைக்குப் பயன்படுத்தினர். உருசியச் சிற்பி நாவும் காபோ 1920ஆம் ஆண்டையொட்டி ஒரு மெல்லிய எஃகுக் கம்பியை மின்னோடியால் அதிரச் செய்தார். அதிரும் கம்பி அலைபோன்ற பருவுருவாகக் காட்சியளித்தது. மின்னோடியை நிறுத்தினால் ஒற்றைக் கம்பியே எஞ்சியது. அங்கேரியக் கலைஞர் மொகோலி நாகி 1930ஆம் ஆண்டு துளையிட்ட தகடுகளும் கண்ணாடிகளும் சுழலும் எந்திரம் ஒன்றை அமைத்து, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி, சுவர்களில் நிழலும் ஒளியும் நடமாடச் செய்தார்.

இவ்வியல்பைக் கொண்டு எழுதவும் இயலும். செங்குத்தாக 16 எல்.இ.டி. விளக்குகள் பொருத்திய ஒரு கோலை வட்டமாகச் சுழற்றுவதாகக் கொள்வோம். வினாடிக்கு 20 சுற்று எனில் ஒரு சுற்றுக்கு 1/20 வினாடி ஆகும். இது 1/16 வினாடியைவிடக் குறைவு. ஆகவே முதல் சுற்றில் கண்ட ஒளி மறையுமுன் இரண்டாம் சுற்று வந்துவிடும். வட்டத்தை 200 நிரல்களாகப் பிரித்தால் ஒவ்வொரு நிரலுக்கும் கிடைக்கும் காலம் 1/4000 வினாடி. அச்சிறு காலத்திற்குள் 16 விளக்குகளில் எவை எரியவேண்டும், எவை அணையவேண்டும் எனக் கணினிச்சில்லு ஆணையிடும். அப்போது வெற்றுவெளியில் சொற்கள் மிதப்பதுபோல் தெரியும். கோலின் வேகம் வினாடிக்கு 10 சுற்றாகக் குறைந்தால் எழுத்துகள் நடுங்கும். கோல் நின்றால் சொல்லே இராது.

பெரிய அளவில் ஓடும் எழுத்துகளை உலகம் வியந்து பார்த்தது 1928ஆம் ஆண்டு. நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு கட்டடத்தைச் சுற்றி 14,000க்கும் மேற்பட்ட பல்புகளைப் பொருத்தித் தேர்தல் முடிவுகளை ஓடும் செய்தியாகக் காட்டினர். உலோக எழுத்துகள் ஓடும் பட்டையில் சென்று மின்முனைகளைத் தொட, அவற்றுக்குரிய பல்புகள் எரிந்தன. சந்தன்நகர் உருளையின் தத்துவமும் இதுவே.

சொல் தொடுக்கும் எந்திரம்

இதுவரை கண்ட கருவிகள் யாவும் மனிதர் எழுதிய சொல்லையோ வரைந்த உருவத்தையோ காட்டின. உருளை எத்தனை முறை சுழன்றாலும் பதித்ததையே திரும்பக் காட்டும். சொல்லைத் தொடுக்கும் வேலையையும் எந்திரத்திடம் ஒப்படைக்க இயலுமா?

இரயில் நிலைய அறிவிப்புப் பலகையைக் கவனியுங்கள். வண்டி எண், வண்டியின் பெயர், நடைமேடை எண், நேரம் ஆகியன மட்டும் மாறுகின்றன. வாக்கியத்தின் அமைப்பு மாறுவதில்லை. வெற்றிடங்கள் கொண்ட ஒரு வாக்கியச் சட்டத்தில் உரிய சொற்களைக் கணினி நிரப்புகிறது. இது கணினி தொடுக்கும் வாக்கியத்தின் எளிய வடிவம். இங்கே எந்தச் சொல் வரவேண்டும் என்பதை உண்மை நிகழ்வு தீர்மானிக்கிறது. அவ்விடத்தில் குலுக்கல் முறையில் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் செய்தால் விளைவு வேறாகிவிடும்.

1952ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ஸ்டிராச்சி என்பவர் இதனைச் செய்து பார்த்தார். அன்புக் கடிதத்திற்குரிய பெயர்ச்சொற்கள், அடைமொழிகள், வினைச்சொற்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கணினியில் ஏற்றினார். கணினி அவற்றுள் சிலவற்றைக் குலுக்கி எடுத்துக் கடிதம் எழுதிற்று. இறுதியில் பல்கலைக்கழகக் கணினியின் பெயர்ச் சுருக்கமே கையொப்பமாக அமைந்தது. 1959ஆம் ஆண்டு செருமனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தியோ லுட்ஸ் என்பவர், காஃப்காவின் ‘கோட்டை’ புதினத்திலிருந்து எடுத்த சொற்களைக் கொண்டு கணினியை வாக்கியங்கள் அமைக்கச் செய்தார்.

நாமும் தமிழில் முயன்று பார்க்கலாம்.

எழுவாய்: ஆறு, இரவு, கப்பல், விளக்கு
அடை: மெல்ல, தனியே, மீண்டும், தொலைவில்
பயனிலை: வருகிறது, பேசுகிறது, உறங்குகிறது, காத்திருக்கிறது

ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு சொல்லை எடுத்தால் 4 × 4 × 4 = 64 வாக்கியங்கள் கிடைக்கும். ‘இரவு மெல்ல வருகிறது’ என்பது நாம் நாள்தோறும் பேசும் வாக்கியம். ‘விளக்கு தனியே பேசுகிறது’ என்பது ஒரு கணம் நம்மை நிறுத்துகிறது. ‘கப்பல் தொலைவில் காத்திருக்கிறது’ என்னும் வாக்கியத்தைக் கார்டன் ரீச்சில் வாழும் ஒருவர் படித்தால் ஓதத்தை எதிர்நோக்கி நிற்கும் கப்பல் நினைவிற்கு வரலாம்; கடலுக்குச் சென்றவரை எதிர்பார்த்திருக்கும் ஒருவருக்கு வேறொன்று தோன்றலாம். கணினிக்கு ஆறும் தெரியாது, கப்பலும் தெரியாது. பட்டியலில் எத்தனையாவது சொல் என்பது மட்டுமே தெரியும்.

இப்போது எழுவாய்ப் பட்டியலில் ‘மாலுமி’ என்னும் சொல்லைச் சேர்ப்போம். ‘மாலுமி தனியே உறங்குகிறது’ எனக் கணினி எழுதிவிடும். தமிழில் எழுவாயின் திணை, பால், எண், இடம் ஆகியவற்றிற்கு ஏற்ப வினைமுற்று அமையவேண்டும். ‘மாலுமி உறங்குகிறார்’ என்பதே பொருந்தும். எனவே சொற்பட்டியலை மட்டும் கொடுத்தால் போதாது. எந்தச் சொல் உயர்திணை, எந்தச் சொல் அஃறிணை என்பதையும் கணினிக்கு உணர்த்தவேண்டும். வழுவற்ற தமிழை எந்திரம் எழுதவேண்டுமாயின் இலக்கணம் அறிந்த ஒருவர் அதன் பின்னால் இருக்கவேண்டும்.

இக்காலக் கணினிகள் பட்டியலைக் கொண்டு மட்டும் எழுதுவதில்லை. மனிதர் எழுதிய பெருந்தொகையான நூல்களையும் கட்டுரைகளையும் ஆராய்ந்து, ஒரு சொல்லை அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் எனக் கணித்துத் தொடரை அமைக்கின்றன. அவ்விடத்தும் மூலப்பொருள் மனிதர் எழுதிய எழுத்தே.

தெரிந்து தெளிவோம்

எழுத்துகளை விதிப்படி அடுக்கி வியப்பூட்டும் மரபு தமிழுக்குப் பழையது. முதலிலிருந்து படித்தாலும் இறுதியிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் செய்யுள் ‘மாலைமாற்று’ எனப்படும். திருஞானசம்பந்தர் மாலைமாற்றாக ஒரு பதிகமே பாடியுள்ளார். நான்கு வரிகளில் எழுதிச் சுழியாகப் படித்தாலும் அதே பாடல் வருவது ‘சுழிகுளம்’. இத்தகைய சித்திரகவிகளுக்குத் தண்டியலங்காரம் இலக்கணம் கூறுகிறது.

கலைஞர் படைத்த ஒளிச் சொற்கள்

அசையும் ஒளி, கணினி தொடுக்கும் சொல் ஆகிய இரண்டையும் கலைஞர்கள் படிப்படியாக இணைத்தனர்.

லிலியான் லின் என்னும் கலைஞர் 1962ஆம் ஆண்டு முதல் ‘கவிதை எந்திரங்கள்’ என்னும் படைப்புகளைச் செய்தார். உருளைகளின்மேல் சொற்களை ஒட்டி அவற்றைச் சுழலச் செய்தார். மெல்லச் சுழலும்போது சொற்களைப் படிக்கலாம். விரைந்து சுழலும்போது அவை அதிரும் கோடுகளாகிவிடும். சொல் எப்போது சொல்லாக இருக்கிறது, எப்போது வெறும் வடிவமாகிறது என்னும் வினாவை அவ்வுருளைகள் எழுப்பின.

அமெரிக்கக் கலைஞர் ஜென்னி ஹோல்சர் 1982ஆம் ஆண்டு டைம்ஸ் சதுக்கத்தின் மின்விளம்பரப் பலகையில் தாம் எழுதிய சிறு வாக்கியங்களை ஒளிரச் செய்தார். பொருள்களை விற்கும் பலகை, வழியில் செல்வோரை நின்று சிந்திக்கச் செய்யும் பலகை ஆயிற்று. பின்னர் எல்.இ.டி. பலகைகளில் ஓடும் வாக்கியங்களே அவருடைய கலைக்கு அடையாளம் ஆயின.

மார்க் ஹேன்சன், பென் ரூபின் ஆகிய இருவரும் இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ‘கேட்கும் நிலையம்’ எனப் பொருள்படும் படைப்பை உருவாக்கினர். இருண்ட அறையில் 231 சிறு ஒளித்திரைகள் வலைபோலத் தொங்கும். இணைய உரையாடல்களில் முன்பின் அறியாத மக்கள் எழுதிய சொற்றொடர்களைக் கணினி திரட்டித் திரைகளில் ஓடவிடும். எந்திரக்குரல் சிலவற்றைப் படிக்கும். ‘நான்’ எனத் தொடங்கும் தொடர்களை மட்டும் அது ஒருமுறை திரட்டித் தரும். பலருடைய தனிமையும் விருப்பமும் ஒரே நேரத்தில் ஒளிர்வதை அங்கு நிற்பவர் காண்பார்.

செருமானியக் கலைஞர் யூலியஸ் போப், விளக்கிற்கு மாற்றாக நீரைக் கொண்டார். வரிசையாக அமைந்த குழாய்முனைகளைக் கணினி திறந்து மூட, விழும் நீர்த்துளிகள் ஒரு கணம் எழுத்துகளாகத் தோன்றித் தரையில் சிதறும். இணையச் செய்திகளிலிருந்து சொற்களைத் தேர்வதும் கணினியே. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரிலுள்ள மோனா அருங்காட்சியகத்தில் இதனைக் காணலாம். ஒரு நாளின் பெருஞ்செய்தி எவ்வளவு விரைவில் உதிர்ந்துவிடுகிறது என்பதை விழும் துளிகளே உணர்த்துகின்றன.

தமிழ் எழுத்தும் ஒளிப்புள்ளியும்

ஒளிப்புள்ளிகளால் எழுதும்போது ஒவ்வொரு மொழிக்கும் தனித்த தேவைகள் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்தை 5 × 7 அதாவது 35 புள்ளிகளுக்குள் அடக்கிவிடலாம். ‘ஞ’, ‘ணி’, ‘றூ’ போன்ற தமிழ் எழுத்துகளின் வளைவுகளும் சுழிகளும் அச்சிறு கட்டத்திற்குள் அடங்கா. 16 வரிசைப் புள்ளிகள் கொண்ட பலகையில் அவற்றைத் தெளிவாக எழுதலாம்.

கணினி தமிழைச் சேமிக்கும் முறைக்கும் நாம் எழுதும் முறைக்கும் வேறுபாடு உண்டு. ஒருங்குறி முறையில் ‘கெ’ என்பது முதலில் ‘க’ என்னும் மெய்வரிசைக் குறியாகவும், அடுத்து எகரக் குறியாகவும் சேமிக்கப்படுகிறது. எழுதும்போதோ கொம்பு முன்னே வருகிறது. ‘கொ’ என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கும். இவ்விதியை அறியாத பலகையில் கொம்பு இடம்மாறி எழுத்து சிதைந்துவிடும். பெயர்ப்பலகைகளில் சில வேளைகளில் காணும் உடைந்த தமிழுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஓடும் எழுத்தில் இன்னொரு சுவை உண்டு. வலப்புறமிருந்து எழுத்துகள் நுழையும்போது முதலில் கொம்பு மட்டும் தெரியும். அடுத்து ‘க’ வந்தால் ‘கெ’ என எண்ணுவோம்; கால் வந்து சேர்ந்த பின்னரே அது ‘கொ’ எனத் தெரியும். கண்ணும் மனமும் எழுத்துக்காகக் காத்திருக்கின்றன.

புள்ளியின் அருமையும் இங்கே விளங்கும். ‘பல்’ என்னும் சொல்லின் புள்ளியைக் காட்டும் ஒரே ஒரு விளக்கு பழுதானால் ‘பல’ ஆகிவிடும். ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். தொல்காப்பியம் மெய்யெழுத்திற்குப் புள்ளி வகுத்ததன் பயனை ஓர் எல்.இ.டி. விளக்கு நினைவூட்டுகிறது.

சொல் யாருடையது?

ஒளிப்பலகையில் கணினி தொடுத்த ஒரு வாக்கியம் தோன்றி மறைகிறது. அச்சொல் யாருடையது?

பலகையில் உள்ளவை எரியும் புள்ளிகளும் அணைந்த புள்ளிகளும் மட்டுமே. அவற்றை எழுத்தாக்குவது பார்ப்பவர் கண். சொல்லாக்கிப் பொருள் தருவது அவர் மனம். ஆகவே பார்ப்பவருக்கு இதில் பெரும்பங்கு உண்டு. ஆயினும் பொறுப்பு அவரிடம் மட்டும் இல்லை. எந்தச் சொற்கள் பட்டியலில் இடம்பெறவேண்டும், எந்த நூல்களிலிருந்து கணினி கற்கவேண்டும், எந்த இடத்தில் அது ஒளிரவேண்டும் என முடிவு செய்தவர்கள் மனிதர்கள். இழிசொல் ஒன்றைப் பட்டியலில் சேர்த்தால் கணினி நாணாது. அதனையும் அதே ஒளியில் காட்டும்.

நூலில் பிடிக்காத பக்கம் வந்தால் மூடிவிடலாம். தெருவில் ஒளிரும் சொல்லை அவ்வாறு மூட இயலாது. திருவிழாத் தெருவில் குழந்தையும் முதியவரும், பல மொழியினரும் பல சமயத்தவரும் அதனைக் கடந்து செல்வர். ‘எந்திரம் எழுதியது; எனக்குத் தொடர்பில்லை’ எனக் கூறி அமைத்தவர் விலகிவிடலாகாது. உருளையில் செப்புத் துண்டைப் பதித்த சந்தன்நகர்க் கலைஞர் எந்த விளக்கு எப்போது எரியும் என்பதை முன்னரே அறிந்திருந்தார். கணினியைப் பயன்படுத்தும் கலைஞருக்கு அது முழுதும் தெரியாது. தெரியாத அளவிற்குப் பொறுப்பு மிகுகிறதேயன்றிக் குறைவதில்லை. இன்னது வரக்கூடாது என வரம்பு கட்டுவதும், வருவதைக் கண்காணிப்பதும் அவருடைய கலையின் பகுதியே ஆகும்.

திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். சொல்லைத் தேர்ந்து சொல்லவேண்டும் என்னும் அறம் நாவிற்கு மட்டும் உரியதன்று. ஏட்டில் எழுதினாலும் எந்திரத்தின் வழியே ஒளியில் எழுதினாலும் அவ்வறம் நம்மோடு வருகிறது.

சொல்லும் பொருளும்

இயங்கு ஒளிக்கலை – ஒளியின் அசைவைக் கொண்டு படைக்கும் கலை
மின்னோடி – மின்சாரத்தால் சுழலும் பொறி (மோட்டார்)
கட்டளைநிரல் – எந்திரம் செய்யவேண்டியவற்றை வரிசைப்படுத்தும் ஆணைத்தொகுப்பு
ஓதம் – கடல்நீரின் ஏற்றம்
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் பொதுமுறை
வழு – பிழை

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. விழித்திரையில் உருவம் தங்கும் காலம் ஏறத்தாழ
அ) 1/4 வினாடி ஆ) 1/16 வினாடி இ) 1 வினாடி ஈ) 16 வினாடி

2. ‘சந்திரநாகூர்’ எனக் குறிக்கப்பட்ட ஊர்
அ) கார்டன் ரீச் ஆ) காரைக்கால் இ) சந்தன்நகர் ஈ) மட்டியாபுருஜ்

3. முன்பின்னாகப் படித்தாலும் ஒன்றாகவே வரும் செய்யுள்
அ) சுழிகுளம் ஆ) வெண்பா இ) மாலைமாற்று ஈ) அந்தாதி

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. கப்பல்களின் விளக்குமொழியில் புள்ளியும் கோடும் எவற்றைக் குறிக்கும்?
2. சந்தன்நகர் உருளையைக் கட்டளைநிரல் எனக் கூறுவது ஏன்?
3. ‘கொ’ என்னும் எழுத்து ஓடும் பலகையில் எப்போது தெளிவாகிறது?

இ. சுருக்கமாக விடை எழுதுக.

1. சுழலும் விளக்குக்கோல் வெற்றுவெளியில் சொற்களைக் காட்டும் முறையைக் கணக்கோடு விளக்குக.
2. உருளை காட்டுவதற்கும் கணினி தொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?

ஈ. விரிவாக விடை எழுதுக.

‘எந்திரம் எழுதிய சொல்லுக்கு மனிதரே பொறுப்பு’ – இக்கருத்தைப் பாடப்பகுதிகொண்டு நிறுவுக. நீங்கள் உடன்படாவிடின் தக்க காரணம் காட்டி மறுத்தும் எழுதலாம்.

உ. மொழிப்பயிற்சி

1. திணை, பால் வழுவை நீக்கி எழுதுக.
அ) மாலுமிகள் தொலைவில் காத்திருக்கிறது.
ஆ) கப்பல்கள் மெல்ல வருகிறார்கள்.
இ) தங்கை தனியே பேசுகிறது.

2. புள்ளி நீங்கினால் வேறு பொருள் தரும் சொற்கள் ஐந்தனை எழுதுக. (எ.கா. பல் – பல)

கற்பவை கற்றபின்

வகுப்பில் மூன்று குழுக்களாகப் பிரிந்து எழுவாய், அடை, பயனிலை ஆகியவற்றிற்கு ஆறு ஆறு சொற்களைத் துண்டுத்தாள்களில் எழுதுக. குலுக்கி எடுத்துப் பத்து வாக்கியங்கள் அமைக்க. அவற்றுள் இலக்கண வழு உள்ளவற்றைத் திருத்துக. பள்ளி விழாவில் ஒளிப்பலகையில் காட்டத் தகுந்த மூன்றினைத் தேர்ந்தெடுத்து, ஏனையவற்றை விலக்கியதற்கான காரணத்தை வகுப்பில் எடுத்துரைக்க.